அறுபத்துமூன்று கிலோவில் ஒரே ஓர் இடம்

ஜூடோ கூடத்தில் அக்காவுக்கு உரல் என்றும் தங்கைக்கு உலக்கை என்றும் பேர். வைத்த புண்ணியவான் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அக்கா குட்டை, இடுப்பு அகலம். எப்பேர்ப்பட்ட ஆளையும் அடியில் புகுந்து இடுப்பில் ஏற்றி மெத்தையில் சாத்திவிடுவாள். தங்கைக்குக் காலே பாதி ஆள் நீளம். எட்ட நின்றே எதிராளியின் காலை வாரிவிடலாம். வாரினால்தானே! இந்த வருஷம் சீக்கு வந்த கோழி மாதிரி, தொட்டாலே சாய்ந்தாள்.

"சோம்பேறி! திங்கறதெல்லாம் எங்கடி போகுது?" என்று அக்கா தினமும் திட்டினாள்.

பெரிய போட்டிக்கு இன்னும் இரண்டே மாதம். ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் கூடத்திலிருந்து ஒரே ஆள்தான் போகலாம். அறுபத்துமூன்று கிலோ ஆறு வருஷமாக அக்காவின் இடம். தையல் கடையில் நாளெல்லாம் துணி வெட்டிவிட்டு வந்து, விழுந்து புரண்டு சம்பாதித்தது. வயது முப்பதைத் தொடப்போகிறது. இந்த முறை பதக்கம் வாங்காவிட்டால் இனி எப்போது வாங்க? தங்கை ஐம்பத்தேழு கிலோவில் இருந்தாள்.

அன்று காலை கடைக்குக் கிளம்பிய அக்கா, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. கொளுத்தும் வெயில் காலத்தில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வெந்நீர் ஆவிக்கு நடுவில் உட்கார்ந்து, தங்கை ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. பக்கத்தில் எடை பார்க்கும் மெஷின்.

"என்னடி கூத்து இது?"

"ஒன்னுமில்லக்கா. நாளைக்குக் கூடத்துல எடை பார்ப்பாங்க. இன்னும் ரெண்டு கிலோ இறங்கணும்."

"உன் உயரத்துக்கு ஐம்பத்தேழு எப்படிடி நிக்கும்? மேல் பிரிவுக்குப் போக வேண்டியதுதானே?"

தங்கை டம்ளரையே பார்த்தாள். "அங்க யாருக்கா இருக்கா?"

அங்கே இருந்தது அக்காதான். பட்டினி கிடந்தவளைப் போய், வாய் கூசாமல் சோம்பேறி என்றிருக்கிறாளே! மழைக்கோட்டைக் கழற்றி எறிந்தாள். சொம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு குரல், 'பேசாம இரு, ரெண்டே மாசம்தானே' என்றது. அந்தக் குரலை நினைத்துத்தான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தங்கையைத் தரதரவென்று மாஸ்டரிடம் இழுத்துப் போனாள்.

"இவ பேரை அறுபத்துமூணுல எழுதுங்க மாஸ்டர். ஒரு மாசம் கழிச்சு எங்க ரெண்டு பேரையும் மோத விடுங்க. ஜெயிக்கிறவ போகட்டும்."

மாஸ்டர் மண்டையைச் சொறிந்தார். "யோசிச்சுதான் சொல்றியாம்மா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன். சீக்கிரம் எழுதுங்க!"

அந்த ஒரு மாதமும் தங்கை மகராசி சாப்பிட்டாள் பாருங்கள், பானை காலியாகும் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மோதல் நாளில் அக்கா அவள் காதோடு சொன்னாள்: "விட்டுக்கொடுத்தே, கொன்னுடுவேன்."

அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. மனசார ஜெயிக்கத்தான் நினைத்தாள். இரண்டு முறை அடியில் புகப் பார்த்தாள். இரண்டு முறையும் அந்த நீளக் கை கழுத்துப்பட்டியைப் பிடித்து அவளை எட்டவே நிறுத்தியது. மூன்றாம் முறை எங்கிருந்தோ ஒரு கால் வந்து வாரியது. முதுகு மெத்தையில் விழுந்த சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. ஜூடோவில் முதுகு பட விழுந்தால் ஆட்டம் முடிந்தது; ஆறு வருஷம் அதோடு போயிற்று.

ஜெயித்தது இவள்தான் என்று மாஸ்டர் கை காட்டியதைத் தங்கை கவனிக்கவே இல்லை. அழுதுகொண்டே குனிந்து கையை நீட்டி, அறுபத்திரண்டு கிலோ அக்காவை ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். நெஞ்சு வலிக்க வலிக்க, அக்கா அந்தப் புஜத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி! இவ்வளவு பலத்தையுமாடி எனக்காகப் பட்டினி போட்டே?"