கழிவறைக் கட்டு

ரயில்வேயின் பழைய ஆவண அறையைப் பார்த்துக்கொள்ள வந்த இந்த மூன்று வருடத்தில், தனக்கு முன்னால் அங்கே இருந்த குமாஸ்தாவை அவள் திட்டாத நாளே இல்லை. ஆளைப் பார்த்ததில்லை, அவருடைய கோணல் கையெழுத்து மட்டும்தான் பழக்கம். சிக்னல் வரைபடத்தைத் தேடினால் தண்ணீர்த் தொட்டிக் காகிதக் கட்டுக்குள் இருக்கும். அப்படி அடுக்கிவைத்த மகராசன்!

அன்று காலை பாலத்து இன்ஜினியர் போனில் கெஞ்சினார்.

"அக்கா, வெள்ளம் பழைய பாலத்தை அரிச்சிருக்கு. தூண் எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு தெரியாம ரயில் விட முடியாது. வரைபடம் இருக்கா?"

பதிவேட்டில் அதற்கு நேரே 'எரிக்கப்பட்டது' என்றிருந்தது.

"கட்டையில போறவன், இதையும் நெருப்புல போட்டுட்டான்!"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் ஒவ்வொரு கட்டாகப் பிரித்தாள். கடைசி மூலையில், 'கழிவறை ரிப்பேர்' கட்டுக்குள், பாலத்து வரைபடம் முழுசாக மடிந்து கிடந்தது. ஓரத்தில் அதே கோணல் எழுத்து: 'எரிக்கச் சொன்னார்கள். மனம் வரவில்லை. கழிவறைக் கட்டை எந்த அதிகாரியும் பிரிக்கமாட்டார்.'

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். ஆழத்தைப் போனில் வாசித்துச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்!"

"எனக்கில்ல தம்பி. எனக்கு முன்னாடி இங்க இருந்த புண்ணியவானுக்குக் கட்டு."

மேஜைமேல், தலைமை அலுவலகம் அந்த வாரம் அனுப்பிய 'அழிக்க வேண்டியவை' பட்டியல் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு, கழிவறைக் கட்டு இருந்த அலமாரியில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் போனாள்.