எனேபிஷ் என்று பேர் வைக்காத பிள்ளை

நிலக்கரி லாரிகள் எல்லை திறக்கக் காத்துக்கிடக்கும் கோபிப் பாலைவனத்தில் சர்னாய் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். அங்கே எய்ட்ஸ் தடுப்பு வேன் வந்து நின்றதும் டிரைவர்களுக்கு ஒரே கும்மாளம்.

"ஏம்மா, இங்க மனுஷனே கம்மி. எய்ட்ஸ் எங்கேர்ந்து வரும்? ஒட்டகத்துக்கு டெஸ்ட் எடு!" என்றான் டிரைவர் கொம்போ.

நர்ஸ் ஒயூன் அசரவில்லை. "ஒட்டகம் ஒழுங்காத்தான் இருக்கும்ணே. நீங்க விரலை நீட்டுங்க."

ஒருவனும் நீட்டவில்லை. நீட்டினால் ஊரே சந்தேகப்படுமே! இவ்வளவு தூரம் வந்தவளை வெறுமனே அனுப்பப் பொறுக்காமல், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சர்னாய்தான் நீட்டினாள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பம். முந்தைய இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் பிறந்தவை. இதற்கு 'எனேபிஷ்' என்று பேர் வைக்க மாமியார் முன்னாடியே முடிவு செய்துவிட்டாள். 'இது இல்லை' என்று அர்த்தம். பிள்ளை பிடிக்க வரும் பேய் அதைக் கேட்டு ஏமாந்து திரும்பிவிடுமாம்.

ரத்தச் சொட்டைச் சோதித்த ஒயூன் அவளை வேனுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி, முந்தைய பிரசவங்களை விசாரித்தாள். "எய்ட்ஸ் இல்லக்கா. ஆனா கூடவே சிபிலிஸும் பார்ப்போம், அது இருக்கு. முன்னாடி ரெண்டும் அதனாலதான் போயிருக்கணும். இப்பவே ஊசி போட்டா இந்தப் பிள்ளையக் காப்பாத்திடலாம். வீட்டுக்காரரும் போட்டுக்கணும், இல்லன்னா உங்களுக்குத் திரும்ப ஒட்டிக்கும்."

சர்னாய் ஊசியைப் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் வீணாகப் பேயைத் திட்டியிருக்கிறாள்! நேரே போய், லாரியில் தூங்கிக்கொண்டிருந்த புருஷன் தவாவை உலுக்கி விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"எல்லாரும் பாக்கறாங்கடி..."

"பாக்கட்டும். ரெண்டு பிள்ளைய மண்ணுல வெச்சப்பவும் பாத்தாங்க. எறங்கு."

இறங்கினான். அந்த மட்டும் நல்லவன். முனகிக்கொண்டே கொம்போவும் அவன் பின்னால் போய் நின்றான்.

குளிர்காலத்தில் பெண் பிறந்தாள். அவள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே விழித்துக்கொண்டது. மாமியார் குழந்தையின் காதில் பேர் சொல்லக் குனிந்தபோது சர்னாய் தடுத்தாள்.

"வேணாம் அத்தை. யாரையும் ஏமாத்த வேணாம். இவ நம்ம பிள்ளை, நல்ல பேரா வைங்க."

வசந்தத்தில் வேன் மறுபடி வந்தது. ஒயூன் குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் கிளம்பியதும், சர்னாய் பால் பானையோடு வெளியே ஓடினாள். வழியனுப்பும்போது, பயணம் நல்லபடி அமையக் கரண்டியால் நாலு சொட்டுப் பால் தெளிப்பதுதான் அங்கே வழக்கம். அவள் தெளித்துக்கொண்டே இருந்தாள். வேன் புழுதியில் மறைந்தது, பானை காலியானது, கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, எங்க டீக்குப் பால்?" என்று கத்தினான் கொம்போ.

"இன்னைக்குப் பால் இல்லாம குடிங்கடா!" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.