எதிரணிக்குப் போன ஜாடை

அன்று அந்தத் தீவு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரன் காஸ்தோன். அவன் மனைவி மிர்த்தா. படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒஸ்வால்தோ. பள்ளியிலிருந்தே அவனுக்குக் குண்டன் என்றுதான் பெயர். அவனோடு ஒரே படகில் வந்திறங்கிய விவியானா.

ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டியவன் அவள் தம்பி தாரியோ. இருபத்திரண்டு வயதில், இதே வீட்டிலிருந்து படகில் போனவன் நாணலுக்குள் பிணமாகக் கிடைத்தான். குடித்துவிட்டுத் தனியாகப் போனான் என்று காஸ்தோனும் மிர்த்தாவும் போலீசில் சொன்னார்கள். குண்டன் போதையில் தூங்கிக்கொண்டிருந்தானாம். தாரியோவுக்குத் தண்ணீர் என்றால் பயம். எவ்வளவு குடித்தாலும் தனியாகத் துடுப்பைத் தொடமாட்டான். கூடப் போனது யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான், இத்தனை வருடம் கழித்து காஸ்தோன் அழைத்தவுடன் விவியானா வந்திருந்தாள்.

தென்கிழக்குக் காற்று ஆற்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறிப் படித்துறை முங்கிவிட்டது. காற்று நிற்கும்வரை பயணிகள் படகு வராது.

மதியம் இறைச்சி சுட்டுத் தின்ற பிறகு காஸ்தோன் சீட்டுக்கட்டை எடுத்தான். த்ரூக்கோ ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்கு முகத்தாலேயே ஜாடை காட்டலாம். எதிரணி பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். புருவத்தைத் தூக்கினால் வாள் ஏஸ், ஆட்டத்திலேயே பெரிய சீட்டு. கண்ணை மூடித் திறந்தால் கையில் குப்பை. காஸ்தோனும் குண்டனும் ஒரு ஜோடி. முன்பெல்லாம் தாரியோ உட்காரும் இடத்தில், விவியானாவுக்கு எதிரே, இப்போது மிர்த்தா.

"ஏய் ஒல்லி, ஆடறதுக்கு முன்னாடியே தோத்த மூஞ்சியா இருக்கே," என்றான் காஸ்தோன்.

"உன்னோடது மட்டும் என்ன? கருகின கறி மாதிரிதான் இருக்கு," என்றாள் விவியானா.

குண்டன் சிரித்த சிரிப்பில் ஒயினைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

விவியானா தோற்றுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நல்ல சீட்டு வந்தால் காஸ்தோன் பின்வாங்கினான். மோசமாக வந்தால் துணிந்து பந்தயத்தை ஏற்றினான். அதிர்ஷ்டம் இப்படி ஆள் பார்த்து வருமா?

அடுத்த கையில் அவளிடம் இருந்தது வெறும் குப்பை. மிர்த்தாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். மிர்த்தா கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கோப்பையின் விளிம்புக்கு மேலே அவள் புருவமும் ஏறி இறங்கியது, கணவனைப் பார்த்து.

"த்ரூக்கோ!" என்று சவால் விட்டாள் விவியானா.

காஸ்தோன் உடனே பின்வாங்கிச் சீட்டைக் கவிழ்த்தான். அவள் அதைப் பிடுங்கித் திருப்பினாள். குச்சி ஏஸ். வாள் ஏஸைத் தவிர எதற்கும் பணியாத சீட்டு.

"கவுத்த சீட்டத் தொடாத! திருட்டுக் கழுத!"

"திருடி நான் இல்ல," என்று சிரித்தாள். மிர்த்தாவிடம் போவது எதுவும் அங்கே நிற்பதில்லை. சரி, அப்படியே போகட்டும்.

பாத்திரம் கழுவும்போது மிர்த்தாவின் காதருகே குனிந்தாள். "உன்கிட்ட மட்டும் சொல்றேன்டி. அன்னிக்கு குண்டன் தூங்கவே இல்லையாம். தாரியோகூட படகுல ஏறினது யாருன்னு ஜன்னல் வழியா பாத்திருக்கான். வர்ற வழியில சொன்னான்."

"யாராம்?"

"உன் புருஷன்."

அத்தனையும் பொய். மிர்த்தாவின் கையிலிருந்த தட்டு நழுவவில்லை. துடைத்து அடுக்கிவிட்டு, "குடிச்சா அவன் ஆயிரம் உளறுவான்," என்றபடி கூடத்துக்குப் போனாள்.

விவியானா காத்திருந்தாள். காஸ்தோன் வந்து சண்டை போட்டால் அவன்மேல் தப்பில்லை என்று நம்பலாம். சிரித்து ஒதுக்கினாலும் நம்பலாம்.

அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

"டேய் குண்டா, எழுந்திரு. படகுக் கொட்டகையில தண்ணி ஏறுது. எஞ்சினத் தூக்கணும்."

"தின்னது இன்னும் தொண்டையிலயே நிக்குதுடா. பொண்டாட்டியக் கூப்பிடு."

"உன் தொப்பையத் தூக்கவே நாலு பேர் வேணும், அவ எஞ்சினத் தூக்குவாளா? வாடா."

விவியானாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கு யாரைப் பணயம் வைத்தாள் என்பதும் அந்த நொடியில்தான் உறைத்தது.

"ஒஸ்வால்தோ, போகாத!"

"என்ன ஒல்லி, என்ன விட்டு இருக்க முடியலையா?" குண்டன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

அவள் பின்னால் ஓடப் பார்த்தாள். மிர்த்தா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உக்காரு. அவங்க பாத்துப்பாங்க."

ஜன்னலுக்கு வெளியே காஸ்தோன் கொட்டகைக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று வழிவிட்டான். குண்டன் தலையைக் குனிந்து இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கினான். காஸ்தோன் இறங்கவில்லை. கதவைச் சாத்தினான். பூட்டினான்.