ஃப்யூஸுக்குப் பதில் ஒரு கம்பி

பக்கத்துக் கடையில் ஒயர் வாங்கிக்கொண்டு திரும்பியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறை வாசலில் ரிப்பேருக்கு நின்ற காரைக் காணோம். அதைக் கொண்டுவந்த அக்கா வீட்டுக்காரருக்குப் பொறுமையா இருக்கும்? வண்டியிலேயே சாவி தொங்கியதைப் பார்த்திருப்பார், கூட வந்த குழந்தையைப் பின்சீட்டில் ஏற்றியிருப்பார், கிளம்பியிருப்பார்.

வேறு நாளாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். பின்விளக்குக்குப் போகிற ஒயர் எங்கேயோ தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. லைட்டைப் போட்டால் போதும், ஃப்யூஸ் போய்விடும். எந்த இடம் சூடாகிறது என்று தடவிக் கண்டுபிடிக்க, ஒரே ஒரு நிமிஷம்தானே என்று ஃப்யூஸைக் கழற்றிவிட்டுச் செம்புக் கம்பியைச் செருகியிருந்தாள். கார் எலக்ட்ரீஷியன் செய்கிற வேலையா இது? புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ! ஒயர் சூடேறினால் ஃப்யூஸ் தான் எரிந்துபோய் ஒயரைக் காப்பாற்றும். கம்பி போகாது, ஒயர்தான் எரியும்.

வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. போன் அடித்தாள். மணி போகிறது, மனுஷன் எடுத்தால்தானே! ஸ்கூட்டரைக் கிளப்பினாள். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக லைட்டைப் போடப் போட, அவள் இன்னும் வேகமாக முறுக்கினாள். "போட்டுடாதீங்க மாமா, போட்டுடாதீங்க" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

சிக்னலில் கார் நின்றிருந்தது. பின்விளக்கு இரண்டும் ஜம்மென்று எரிந்தன. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"லைட்ட அணைங்க மாமா! இன்ஜினையும்!"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "கெட்டிக்காரிதான் நீ! இவ்வளவு தூரம் வந்துட்டேன், லைட்டு ஒரு தடவகூட அணையல!"

"அணைஞ்சிருக்கணும் மாமா!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். அவள் பின்கதவைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சீட்டைத் தூக்கினாள். கருகல் நாற்றம் குப்பென்று அடித்தது. அடியில் ஓடிய ஒயரின் தோல் உருகி வழிந்து, சீட்டின் அடிப்பஞ்சு உள்ளங்கையளவுக்குப் பொசுங்கியிருந்தது.

"என் தப்புதான் மாமா. கம்பிய வெச்சுட்டு நான் கடைக்குப் போயிருக்கவே கூடாது."

குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கியது.

"ஏன் சித்தி எழுப்பின? சீட்டு நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சு."