ராகு காலத்தில் பிரித்த கம்பி

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே உள்ள குவாரியில், வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சரிந்தது அந்தக் கருங்கல். அதன் முனைக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே தொழிலாளி மலையாண்டியின் இடது கால் சிக்கிக்கொண்டது. சம்மட்டி போட்டால் அதிர்வில் கல் இன்னும் இறங்கும், நெம்பினாலும் இறங்கும். புதுக்கோட்டையிலிருந்து கிரேன் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். காலோ கறுத்துக்கொண்டே வந்தது.

அதிராமல் அறுக்க ஒரே வழி, வைரக் கம்பி. எஃகு வடத்தில் கோத்த மணிகள். மணிதோறும், எந்த நகையிலும் ஏறாத வைரத் துணுக்குகள். பழைய வடத்தில் அவை தேய்ந்து போயிருந்தன. புதிய வடம் அன்று காலைதான் வந்து, பிரிக்காமல் கொட்டகையில் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பூஜை. அதுவரை ராகு காலம்.

முதலாளி திருப்பதியின் விரலில் ஒற்றை வைரம் மின்னியது. குடும்பத்துக்கு ஆகுமா என்று மூன்று நாள் பூஜையறையில் வைத்துப் பார்த்து வாங்கிய மோதிரம். அவர் கொடியவர் அல்லர். இந்த நேரத்தில் புதுக் கம்பியைத் தொட்டால் மலையாண்டியின் உயிருக்கே ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையாண்டியின் மனைவி செவந்தி அதே குவாரியில் ஜல்லி அள்ளுபவள். கல் அறுக்கும் மெஷின் ஓட்டும் அசாருதீனிடம் ஓடினாள்.

"எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்லக்கா," என்றான் அவன். "ஆனா நான் பிரிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கல்லையா குத்தம் சொல்லுவாங்க? என்னையத்தான் சொல்லுவாங்க."

அந்த அச்சத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? சுற்றி நின்ற நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கொடுமை, சிக்கியவனே தடுத்ததுதான்.

"பன்னெண்டு ஆகட்டும்டி. பொறுத்துக்கிறேன்."

பன்னிரண்டு ஆகிவிட்டதென்று அவனிடம் சொல்லிவிடு என ஒருத்தி செவந்தியின் காதில் ஓதினாள். ஒரு பொய், வேலை முடிந்துவிடும். ஆனால் பொய்யால் பிழைக்கும் கால், ராகுவின் புகழைத்தானே வாழ்நாளெல்லாம் சுமந்து நடக்கும்?

செவந்தி கொட்டகைக்குப் போனாள். அரிவாளால் வடத்தின் பொதியைக் கிழித்தாள். வடத்தைத் தோளில் சுமந்து வந்து போட்டாள்.

"பிரிச்சது நானு. எது ஆனாலும் எம்பேர்ல இருக்கட்டும். ஓட்டு தம்பி."

மலையாண்டி கண்ணைத் திறந்தான். "மணி என்னடி?"

"பதினொண்ணு பத்து. ராகு காலந்தான். அசையாம இருங்க."

அசாருதீன் வடத்தைக் கல்லின் முனையைச் சுற்றிப் பூட்டினான். அறுந்தால் மணிகள் தோட்டாவாய்த் தெறிக்கும் என்று எல்லாரையும் விலகச் சொன்னான். செவந்தி விலகவில்லை, ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தி, கணவனின் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். மெஷின் உறுமியது. வெட்டில் பாய்ந்த தண்ணீர் சாம்பல் சேறாய் வழிந்தது. வடம் ஒருமுறை கீச்சிட்டது. திருப்பதி மோதிரக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி மூடிக்கொண்டார்.

முனை தனியே கழன்று விழுந்தது. பெருங்கல் அசையவில்லை.

நான்கு பேர் மலையாண்டியை இழுத்து மணலில் கிடத்தினார்கள். இரத்தமும் சேறும் பூசிய பாதத்தைச் செவந்தி கையில் ஏந்தினாள்.

"வெரல அசைங்க."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது.

ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.