பின்கட்டுக்கும் ஜாக்கி

வீட்டைத் தூக்கப் போகிறார்கள் என்ற செய்தி, அந்த வீட்டிலேயே குடியிருக்கும் சந்திரலேகாவுக்கு, மாவு வாங்க வந்த குப்பு சொல்லித்தான் தெரிந்தது.

“என்னாக்கா, உங்க வூட்ட ஜாக்கி வச்சுத் தூக்கறாங்களாமே? உங்க அண்ணன் டீக்கடையில சொல்லிக்கிட்டிருந்தாராம். முன்கட்டு மட்டுந்தானாமே?”

“ஆமா, எங்கிட்டயும் சொன்னாரு” என்று சொல்லி, இட்லி மாவைக் குப்புவின் தூக்குவாளியில் ஊற்றினாள் சந்திரலேகா.

சொல்லவில்லை. அருள்முருகன் தங்கையிடம் எதையும் நேராகச் சொல்லி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அந்தக் கல்யாணம் முறிந்து ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தபோது, “ஏன் வந்தே” என்று அவர் கேட்கவும் இல்லை, “வா” என்று சொல்லவும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். பிடிக்காத கோப்பை ‘முடியாது’ என்று எழுதித் திருப்ப மாட்டார். அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, அது தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பார். முப்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம்.

வீடு, சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகருக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. அடியில் பூராவும் களிமண். கோடையில் அந்த மண் சுருங்கிப் பிளக்கும். மழையில் ஊறி உப்பும். அதன் மேல் உட்கார்ந்த வீடும் கூடவே ஏறி இறங்கும். சித்திரையில் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விடும். கார்த்திகையில் ஒரு கதவும் சாத்த வராது. போதாததற்கு, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. அருள்முருகன் வருஷா வருஷம் விரிசலில் சிமெண்டை அப்பி, மேலே ரோஸ் பெயிண்ட் அடித்து, வீட்டைக் காப்பாற்றிவிட்ட களைப்போடு நாற்காலியில் சாய்வார். அடுத்த சித்திரையில் ரோஸ் பெயிண்டோடு சேர்ந்து சுவர் பிளக்கும்.

முன்கட்டில் அவரும் மனைவி ரேகாவும் இருந்தார்கள். பின்கட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கிரைண்டர், சந்திரலேகா. “பின்கட்டு எம் பொண்ணுக்கு” என்று அப்பா சாவதற்கு முன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். வாய்வார்த்தைதான். ஆனாலும் அந்த வார்த்தையின் மேல்தான் பன்னிரண்டு வருஷமாக அவள் கிரைண்டர் சுற்றியது. சுற்றிலும் இருந்த மாணவர் லாட்ஜுகள் எல்லாம் அவள் மாவில்தான் இட்லி ஊற்றின.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்திலிருந்து பக்கிரி மாமா வந்து இறங்கினார். செத்துப்போன அம்மாவுக்குத் தம்பி. ரிட்டயர் ஆனதிலிருந்து செல்போனில் வாஸ்து வீடியோ பார்த்துப் பார்த்து, சொந்தக்காரர்கள் வீட்டுக் கக்கூஸை எல்லாம் இடம் மாற்ற வைத்தவர். தன் வீட்டில் மட்டும் ஒரு செங்கல்லையும் நகர்த்தாதவர். வீடு தூக்கும் காண்ட்ராக்டர் லூர்துசாமியும் வந்திருந்தார். ஹாலில் முன்கட்டை மூன்றரை அடி தூக்குவதைப் பற்றிப் பேச்சு நடந்தது. யாரும் கூப்பிடாமலே சந்திரலேகா போய் நின்றாள்.

“பின்கட்டு என்னா ஆவும்?” என்று கேட்டாள்.

அருள்முருகன் மின்விசிறியைப் பார்த்தார். பதில் மாமாவிடமிருந்து வந்தது.

“அது ஈசானி மூலம்மா. வடகிழக்கு. அது தாழ்ந்துதான் இருக்கணும். அப்பதான் குடும்பத்துக்கு விருத்தி.”

“யாரு குடும்பத்துக்கு மாமா?”

“இது என்னா கேள்வி? நம்ம குடும்பத்துக்குத்தான்.”

“முன்கட்டு மூணரை அடி மேல போயிட்டா, பேயற தண்ணி பூரா எங்க வந்து நிக்கும்?”

“ஈசானியத்துல தண்ணி நின்னா லட்சுமி கடாட்சம். கெணறு, தொட்டியெல்லாம் அங்கதான வெட்டறாங்க?”

“அப்ப நான் தொட்டியில குடியிருக்கணும்.”

ரேகா காப்பித் தட்டோடு வந்தாள். “எல்லாத்துக்கும் குத்தம் கண்டுபிடிச்சா எப்புடி சந்திரா? மொதல்ல முன்னாடி முடியட்டும். பின்னாடி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் பின்னாடின்னு ஒண்ணு இருக்குமா அண்ணி?”

மாமா காப்பியை ஆற்றிக்கொண்டே, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, “மஞ்சக்குப்பத்துல ஒரு லேடீஸ் ஆஸ்டல்ல சமையலுக்கு ஆள் கேக்கறாங்க. தங்க எடம், சாப்பாடு. சும்மா சொல்லி வைக்கறேன்” என்றார்.

சந்திரலேகாவுக்கு முழுசாக விளங்கிவிட்டது. வெளியே போ என்று சொல்ல அண்ணனுக்குத் துணிச்சல் இல்லை. அதை மழை வந்து சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்கிறார். ஒரே ஒரு ஐப்பசி போதும். முழங்கால் தண்ணீரில் கிரைண்டரை வைத்துக்கொண்டு எவளும் மாவு அரைக்க முடியாது. தானாகப் பெட்டியைக் கட்டுவாள். “நான் ஒண்ணும் போகச் சொல்லலையே” என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

வேலை தொடங்கும் நாளையும் மாமாவே குறித்தார். “ஐப்பசி மழை மாசம் சார், ஆவணியிலயே ஆரம்பிச்சிடலாம்” என்று லூர்துசாமி முனகினார். “நட்சத்திரம் சரியா இருந்தா மழ ஒதுங்கிப் போவும்யா” என்று மாமா அவரை அடக்கினார். இன்னொன்றும் சொன்னார். சாமி பள்ளத்தில் இருக்கக் கூடாது.

பூஜை அலமாரி பின்கட்டில்தான் இருந்தது. ரேகா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, முருகனையும் லட்சுமியையும் குலதெய்வமான அய்யனாரையும் ஒவ்வொன்றாக முன்கட்டுக்குத் தூக்கிப் போனாள். கடைசி நடையில் அப்பா படமும் போனது. அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிச்சம். ஈசானியம் அவ்வளவு விசேஷமான இடமென்றால் சாமிகள் ஏன் ஓடுகின்றன என்று கேட்க சந்திரலேகாவுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டிருந்தால் அதற்கும் மாமாவிடம் ஒரு வீடியோ இருந்திருக்கும்.

வடநாட்டுப் பையன்கள் வந்தார்கள். முன்கட்டின் மூன்று பக்கமும் சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள். இளகிய களிமண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வருகிறவரை போய், அங்கே கான்கிரீட் போட்டார்கள். காய்ந்ததும் கடக்காலின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து வரிசையாக ஜாக்கிகளைச் சொருகினார்கள். அருள்முருகன் லீவு நாளில் சட்டை மடிப்புக் கலையாமல் நின்று, தானே தோண்டியதுபோல வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மூன்று பக்கமும் முடிந்த மறுநாள், லூர்துசாமி பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

“அக்கா, உங்க ரூம்ல கொஞ்சம் ஒடைக்கணும்.”

“எதுக்கு?”

“இந்த நடுச்சொவரு ரெண்டு கட்டுக்கும் பொது. ரெண்டு பக்கமும் பள்ளம் எடுத்தாத்தான் ஜாக்கி நொழையும். சார் சொல்லியிருப்பாரே?”

“சார் எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டாரு.”

லூர்துசாமி தலையைச் சொறிந்தார். “உங்களக் கேட்டுக்கச் சொல்லி அன்னிக்கே சொன்னேங்கா. ‘அது என்னா சொல்லப் போவுது’ன்னாரு.”

“அது இத சொல்லுதுன்னு போயி சொல்லுங்க. தூக்குனா ரெண்டு கட்டையும் தூக்கணும். இல்லன்னா ஒரு கட்டும் எழும்பாது.”

வாசல் கதவையும் முன்கட்டுக்குப் போகும் நடுக்கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அரிசி, உளுந்து மூட்டைகளை நகர்த்திக் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்தாள். மாவு வியாபாரம் ஜன்னல் வழியாக நடந்தது.

மூன்று பக்கம் ஜாக்கியும் ஒரு பக்கம் தங்கையுமாக வீடு அப்படியே நின்றது. மாமா குறித்துக் கொடுத்த நட்சத்திரத்தைப் பற்றி வங்கக்கடலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தாழ்வு மண்டலம் உருவாகி, கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். தோண்டிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். களிமண் கூழாகும். ஜாக்கி சாயும். முன்கட்டு சாய்ந்தால் நடுச்சுவர் பின்கட்டுக்குள்தான் விழும். அதுவும் சந்திரலேகாவுக்குத் தெரியும். அந்தச் சுவரின் ஓரம்தான் அவள் பாய்.

மறுநாள் மத்தியானமே அருள்முருகன் கடலூரிலிருந்து ஓடிவந்தார். கூடவே மாமா. பின்னால் குடையோடு லூர்துசாமி.

“சந்திரா, கதவத் தொற.”

“ஜன்னல் தொறந்துதான இருக்குது. சொல்லுண்ணே.”

“தெருவே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். எனக்கு யாவாரம் ஜாஸ்தியாயிருக்குது. வேடிக்க பாக்க வர்றவங்க மாவும் வாங்கிட்டுப் போறாங்க.”

மாமா முன்னால் வந்தார். “பொம்பளைக்கு இவ்ளோ புடிவாதம் ஆவாதும்மா. வடகிழக்க ஒசத்துனா வூட்டுத் தலைவனுக்கு ஆபத்து.”

“ஒசத்தலைன்னா இன்னிக்கே ஆபத்து மாமா. மேல பாருங்க.”

மேலே வானம் அடுப்புச் சட்டியின் அடிபோல இருந்தது. தூறல் விழுந்தது. லூர்துசாமி யாரையும் பார்க்காமல், “நனைஞ்சா நான் பொறுப்பில்ல சார், இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

சந்திரலேகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா வேணாம், லூர்துசாமி வேணாம். அண்ணே, நீ சொல்லு. நான் இந்த வூட்ட உட்டுப் போவணுமா? ‘போ’ன்னு ஒரு வார்த்த உன் வாயால சொல்லு. கதவத் தொறந்து உட்டுட்டு, இந்த மழையிலயே கெளம்பிடறேன். ஆஸ்டல்ல போயி சமைச்சுக்கறேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சொல்லித் தொலைத்துவிட்டால்? ஒரே எழுத்து. பன்னிரண்டு வருஷமும் அதோடு தீர்ந்தது. அவர் வாய் திறந்தது. தெருவில் குடைகளுக்கு அடியில் நின்ற நாலைந்து பேரைப் பார்த்தார். வாசல் பக்கம் வந்து நின்ற ரேகாவைப் பார்த்தார். பள்ளத்தில் கலங்கல் தண்ணீர் ஓடித் தேங்குவதைப் பார்த்தார். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. கோப்பை அலமாரிக்கு அடியில் தள்ள இங்கே அலமாரி இல்லை.

வாயை மூடிக்கொண்டார். பிறகு திரும்பி லூர்துசாமியிடம், “பின்னாடியும் சேத்தே தூக்கிடுப்பா” என்றார்.

எந்தக் கோழைத்தனம் இத்தனை வருஷம் அவளை வதைத்ததோ, அதை நம்பித்தான் அவள் அந்த வார்த்தையை விட்டிருந்தாள். அது அவளைக் கைவிடவில்லை. மூட்டைகளை நகர்த்திக் கதவைத் திறந்தாள். கண்ணில் வந்த தண்ணீரை மாவுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை.

“ரெண்டு கட்டும் ஒரே மட்டமா இருந்தா தோஷம் கெடையாது மாப்ள. அதுக்கு வேற வீடியோ இருக்குது” என்றார் மாமா.

தார்ப்பாயைக் கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். புயல் வடக்கே நகர்ந்து போனது. மாமா அதைத் தன் நட்சத்திரத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பின்கட்டையும் சுற்றித் தோண்டிக் கான்கிரீட் போட்டு ஜாக்கி வைத்தார்கள். ஒருவன் விசில் ஊதுவான். அத்தனை பையன்களும் ஒரே நேரத்தில் ஜாக்கியை ஒரு திருகு திருகுவார்கள். வீடு எழும்புவது கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் எங்கோ நெறுநெறுவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். சந்திரலேகா எதிர்த்த வீட்டு வாசலில் கிரைண்டரோடு நின்று, தன் அறை ஒவ்வொரு நூலாக மேலே போவதைப் பார்த்தாள். மூன்றரை அடி வந்ததும் அடியில் செங்கல் கட்டி, உள்ளே கிராவல் கொட்டித் தளம் போட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் குப்பு புதுச் செய்தி கொண்டுவந்தாள்.

“டீக்கடையில உங்க அண்ணன் என்னா சொல்றாரு தெரியுமா? ‘தங்கச்சியப் பள்ளத்துல உட்டுட்டு நான் மட்டும் மேல போவேனாய்யா’ங்கறாரு. கேட்டவங்கள்லாம் ‘சார மாதிரி அண்ணன் கெடைக்கணுமே’ங்கறாங்க. ஒருத்தரு கண்ணத் தொடைக்கறாரு.”

“யாரு, பக்கிரி மாமாவா?” என்றாள் சந்திரலேகா. இரண்டு பேரும் சிரித்ததில் மாவு கீழே சிந்தியது.

முன்வாசலுக்குக் கருப்பு கிரானைட்டில் அகலமாகப் படி கட்டினார்கள். பின்கட்டு வாசல் மூன்றரை அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. கேட்டதற்கு, “அது அப்புறம்னு சார் சொல்லிட்டாருக்கா” என்றார் லூர்துசாமி.

அப்புறம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போய்ச் சண்டை போடவில்லை. இரண்டு கட்டுக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்து வைத்தாள். மாவு வாங்க வந்தவர்களை எல்லாம் முன்வாசல் வழியாக வரச் சொன்னாள்.

காலையில் லாட்ஜுப் பையன்கள் சேற்றுச் செருப்போடு கிரானைட் படியேறி, ஹாலைக் கடந்து வந்தார்கள். குப்பு ஹால் நடுவில் நின்று, டீவியில் நாடகம் முடிகிறவரை பார்த்துவிட்டுப் போனாள். புது டைல்ஸ் முழுக்க மாவு சொட்டி, காலடிபட்டுக் காய்ந்தது. அருள்முருகன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆள் வரும்போதெல்லாம் காலை மடக்கி சோபாவின் மேல் வைத்துக்கொண்டார்.

“என்னா சந்திரா இது, சந்தக்கட மாதிரி!” என்று ரேகா கத்தினாள்.

“நான் என்னா அண்ணி பண்ணட்டும்? அந்தப் பக்கம் படி இல்லியே. குதிச்சா வர முடியும்?”

அன்றைக்கு மத்தியானமே லூர்துசாமி ஒரு கொத்தனாரோடும் அரை யூனிட் மணலோடும் வந்து சேர்ந்தார். பின்வாசலுக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, “எத்தன படி வைக்கட்டுங்கா? ரெண்டு வச்சாப் போதும்னு சார் சொன்னாரு” என்று கேட்டார்.

சந்திரலேகா வாசல் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“முன்னாடி எத்தனையோ அத்தன” என்றாள்.