கண்ணாடிமேல் மூன்று கொத்துத் திராட்சை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இலக்கிய தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் காரணம் என் மனைவியின் வாய்.

திண்டுக்கல் நாகல்நகரில் எங்கள் வீட்டு முன்னறையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஜன்னல் பக்கம் புவனேஸ்வரியின் ஆரி சட்டம். கல்யாணப் பெண்களின் ரவிக்கையில் ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துப் பூவேலை செய்வது அவள் தொழில். சுவர்ப் பக்கம் என் நாற்காலி. பகலில் நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன், மாலையில் எழுத்தாளன். அவள் வேலைக்குப் பணம் வருகிறது. என் வேலைக்குக் கதை வந்த பத்திரிகையின் ஒரு பிரதி வரும். சில சமயம் அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்படிப்பட்டவன் ஐந்து மாதத்துக்கு முன் ஒரு டேப்லெட் வாங்கினேன். பேனாவையும் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.

"இம்புட்டு வெலைக்கு இதுல அப்படி என்னதாங்க இருக்கு?"

"எழுதலாம்."

"நோட்டுலயுந்தான் எழுதுனீங்க."

"இதுல எழுதுனத அழிச்சு அழிச்சுத் திருத்தலாம்."

"அப்ப அழிக்கிறதுக்குத்தான் இம்புட்டுத் துட்டா?" என்றாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தபடியே கணக்குப் போட்டாள். "நாப்பத்தஞ்சு ரூவா நோட்டுன்னா ஆயிரம் நோட்டு வரும். ஆயிரம் நோட்டுக்கு ஒங்ககிட்ட வெஷயம் இருக்கா?"

இப்படித் தினமும் ஒரு கேள்வி. காபி கொடுக்கும்போது ஒன்று, மின்சாரம் போனால் ஒன்று. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "இதுலயே ஒரு கதை எழுதிக் காட்டுறேன். படிச்சிட்டு இந்த வெலைக்குத் தகுமான்னு நீயே சொல்லு."

"சரி. முடிவோட குடுங்க. போன தடவ மாதிரி பாதியில வுட்டுட்டு, அதான் நவீனம்னு சொல்லக் கூடாது."

2

முதல் தொடக்கம்:

மூக்கையா டேப்லெட் வாங்கிய அன்று பூச்சந்தையில் மல்லிகை கிலோ மூவாயிரத்துக்கு

[விட்டுவிட்டேன். மூக்கையாவைப் பூ வியாபாரி என்று வைத்துக்கொண்டேன். அவருக்கு எதற்கு டேப்லெட் என்று யோசித்தேன். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.]

இரண்டாம் தொடக்கம்:

மூக்கையாவின் மனைவி மாயம்மாள் விலை கேட்காமல் எதையும் தொடமாட்டாள். ஒருமுறை பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்த டப்பாவுக்குப் பேரம் பேசினாள். கடைக்காரர், "ஏனுங்கம்மா, இது முருகனுக்குப் போற சாமானுங்க" என்றார். "முருகன் மட்டும் என்ன, வெல கேக்காமயா வாங்குறாரு?" என்று

[இதைச் சொன்னது மாயம்மாள் இல்லை. புவனேஸ்வரி. கல்யாணமான மூன்றாம் மாதம். கடைக்காரர் சிரித்துவிட்டு ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் பக்கத்துக் கடைக்கு வந்தவனைப் போல நின்றேன்.]

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடுவாளா? மூக்கையாவையும் மாயம்மாளையும் மரியாதையோடு அனுப்பி வைக்கிறேன். வேறொரு நல்ல எழுத்தாளன் கையில் அவர்கள் அகப்படட்டும். இந்தக் கதையில் இனி நானும் புவனாவுந்தான்.

3

மேலே 'பஞ்சாமிர்தம்' என்ற சொல்லை எழுதியபோது பேனா திரையில் எதிலோ இடறியது. சின்னச் சின்னப் பள்ளங்களில் விழுந்து எழுந்து போவதுபோல் 'டக் டக்' என்றது. மாலை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

திரை முழுக்கப் புள்ளிகள். ஒழுங்கான புள்ளிகள். மூன்று கொத்துத் திராட்சை, இரண்டு இலை, சுருண்டு மேலேறிப் பாதியில் நின்றுபோன ஒரு கொடி.

ஆரி வேலை தெரியாத வாசகருக்காக ஒரு நிமிடம் கதையை நிறுத்துகிறேன். வடிவத்தை முதலில் பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைவார்கள். அந்தக் காகிதத்தை மடித்த போர்வைமேல் வைத்துக் கோட்டின் வழியே ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். பிறகு அதைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால், துளை வழியே இறங்கிப் புள்ளி புள்ளியாக வடிவம் துணியில் விழும். அந்தப் புள்ளிகள்மேல்தான் தையல்.

அதாவது, என் டேப்லெட்டை யாரோ போர்வையாக நினைத்திருக்கிறார்கள்.*

* 'யாரோ' என்பது எழுத்தாளத் தந்திரம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

குப்பைக்கூடையில் ஒரு பட்டர் பேப்பர் சுருட்டிக் கிடந்தது. எடுத்து நீவித் திரைமேல் வைத்தேன். புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது.

4

இந்தக் காட்சியில் நான் இல்லை. ஆகவே தயங்காமல் எழுதலாம்.

அன்று காலை பதினொரு மணி. நான் கல்லூரியில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் புவனா டேப்லெட்டை எடுத்து மடியில் வைக்கிறாள். [எடுப்பாளா? தினமும் அதன் விலையைத் திட்டுகிறவள்? இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. டேப்லெட்டில் தேடிப் பார்த்தேன். 'சமையல்' என்ற பெயரில் ஒரு கோப்பு. உள்ளே சமையல் ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு ரவிக்கை வடிவங்கள். எடுத்திருக்கிறாள்.]

பேகம்பூர் சர்புன்னிசாவின் மகள் நுஸைபாவுக்குக் கல்யாணம். "மயிலு, அன்னமெல்லாம் வேணாம் புவனா, கொடி போடு" என்று சர்புன்னிசா சொல்லியிருந்தார். திராட்சைக்கொடி என்பது புவனாவின் யோசனை. திரையில் ஒரு திராட்சைப் படத்தை வைத்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, மேலே பட்டர் பேப்பரை விரிக்கிறாள். அடியிலிருந்து வெளிச்சம் வருவதால் கோடு பளிச்சென்று தெரிகிறது. பென்சில் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்பு அரை நாள் எடுத்த வேலை கால் மணி நேரத்தில் முடிகிறது.

அப்போது சர்புன்னிசாவின் போன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு பேசுகிறாள். மண்டபம், பிரியாணிக்கு ஆள், மாப்பிள்ளை வீட்டார் எண்ணிக்கை என்று பேச்சு நீள்கிறது. வாய் அங்கே இருக்க, கை தன் வேலையைப் பார்க்கிறது. வரைந்து முடித்தால் குத்த வேண்டும். பதினாறு வருடமாகக் கைக்குத் தெரிந்தது அதுதான். ஊசியை எடுத்துக் குத்துகிறது. முதல் கொத்து, இரண்டாம் கொத்து, மூன்றாம் கொத்து. போர்வையில் ஊசி குத்தினால் சத்தம் வராது. இங்கே சத்தம் வருகிறது.

"அக்கா, செத்த நேரங் கழிச்சுக் கூப்புடுறேன்."

அதற்குப் பிறகு அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத நான்கு முறை முயன்றேன். அவள் தலையில் கை வைத்து [இல்லை]. கண்ணில் நீர் [இல்லை, இல்லை]. எனக்குப் பார்க்கத் துணிவில்லை என்பதே நிஜம்.

5

மறுநாள், 'சாலை ரோடு' கடைவீதியில் டேப்லெட் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் அஜித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு மூலையை லேசாகக் கிளப்பினார்.

"சார், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. மேல ஒட்டுன பிலிம்லதான் பொத்தல். உரிச்சிட்டு வேற ஒட்டிருவமா?"

பிலிம்! நான் அதை மறந்தே போயிருந்தேன். காகிதத்தில் எழுதுவது போலவே இருக்கும் என்று அஜித் சொன்னதால், வாங்கிய அன்றே ஒட்டிக்கொண்ட மெல்லிய தாள் அது. அப்படி ஒன்று ஒட்டியிருப்பது புவனாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் விலை கேட்பாள்.

 அதன் விலையை இந்தக் கதையில் எங்கும் சொல்லப்போவதில்லை. வாசகர் மன்னிக்க வேண்டும்.

ஆகவே அவள் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கண்ணாடியைப் பாழாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, அஜித்திடம் "இப்ப வேணாம், அப்புறம் வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சொல்லவில்லை.

சாப்பிட இலை போட்டிருந்தாள். சாதாரணமாக எங்கள் வீட்டில் ஒரு வெஞ்சனம்தான். அன்றைக்கு இரண்டு: முருங்கைக்காய்ப் பொரியலும் வாழைக்காய் வறுவலும். நான் டேப்லெட்டைத் திறந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். விலைபற்றி ஒரு சொல் இல்லை. மறுநாளும் இரண்டு வெஞ்சனம், ஒரு சொல் இல்லை.

இந்த இடத்தில் கதைசொல்லி கெட்டவனாகிறான், கவனியுங்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. யாரும் குத்திக்காட்டாமல் எழுத முடிந்தது. இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். சேனைக்கிழங்கு வறுவல் வந்தது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். எட்டு நாள் போய்விட்டது.

6

ஒன்பதாம் நாள் மாலை சர்புன்னிசாவும் நுஸைபாவும் ரவிக்கைத் துணியோடு வந்தார்கள். கிளிப்பச்சைப் பட்டு. புவனா அதைத் தொடவில்லை.

"வேற ஆளு பாருங்கக்கா. எனக்குக் கை ஒதறுது. ஊசி நிக்க மாட்டேங்குது."

"என்ன புவனா இப்படிச் சொல்ற? நிக்காவுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

"அதாங்க்கா சொல்றேன். ஒங்க துணியப் பாழாக்கிட்டேன்னா?"

நான் நாற்காலியில் இருந்தபடி அவள் கையைப் பார்த்தேன். நிஜமாகவே நடுங்கியது. பதினாறு வருடமாக நடுங்காத கை. ஊசி டப்பா மூடியிருந்தது. அதன்மேல் தூசி. எத்தனை நாளாக மூடியிருக்கிறது? நான் இரண்டு வெஞ்சனத்தை எண்ணினேனே தவிர, இதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அவர்கள் கிளம்பியதும் தெருமுனைவரை பின்னாலேயே ஓடினேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, அது வரைக்கும் பொறுத்துக்கங்க. அவ செய்வா."

நுஸைபா சொன்னாள்: "அண்ணே, அக்கா கொடி போடலைன்னா எனக்கு வெறும் ரவிக்கையே போதும். வேற ஆளுகிட்டக் குடுக்க மாட்டேன்."

இன்று வியாழக்கிழமை.

7

ஆகவே இந்தக் கதைக்கு இன்றே முடிவு வேண்டும். கைவசம் இருப்பவை:

முடிவு ஒன்று. ரகசியமாகப் பிலிமை மாற்றிக்கொண்டு வருகிறேன். "அட, சரியாப்போச்சே" என்று அவள் ஆச்சரியப்படுகிறாள். [அவள் ஒன்றும் அவ்வளவு ஏமாளி இல்லை. மேலும், மூன்று கொத்துத் திராட்சையும் அஜித் கடைக் குப்பைக்குப் போய்விடும். எனக்கு மனம் வரவில்லை.]

முடிவு இரண்டு. அவளே வந்து ஒப்புக்கொள்கிறாள். "பரவாயில்லை புவனா," என்று அவன் பெருந்தன்மையோடு [கை கூசுகிறது. தப்பு செய்தவனே மன்னிப்பு வழங்குவதா?]

முடிவு மூன்று. முடிவே இல்லை, அதுதான் நவீனம். [இதற்கு ஏற்கெனவே தடை போட்டிருக்கிறாள்.]

8

புவனா, இதுவரை 'வாசகர்' என்று எழுதியதெல்லாம், அந்த ஆரி வேலை தெரியாதவரைத் தவிர, உன்னைத்தான்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ குத்தியது மேலே ஒட்டிய ஒரு தாளில். வலது மூலையை நகத்தால் கிளப்பிப் பார், தெரியும். இது எனக்கு எட்டு நாளாகத் தெரியும். சொல்லாமல் இருந்தேன். ஏன் என்பதை ஐந்தாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு நீ இன்றைக்கு வெஞ்சனமே வைக்காவிட்டாலும் சரி.

விலைக்குத் தகுமா என்று கேட்டாய். நான் ஐந்து மாதத்தில் இந்த ஒரு கதையைத்தான் எழுதினேன், அதுவும் தகராறில் கிடக்கிறது. நீ 'சமையல்' கோப்பில் நாற்பத்தொன்று வரைந்திருக்கிறாய். அதில் முப்பத்தாறாவது கொடி எனக்கு ரொம்பப் பிடித்தது. என்னைக் கேட்டால், இதை நான் எனக்காக வாங்கியதுதான் தப்பு.

அந்தப் பிலிமை நான் உரிக்கமாட்டேன். எழுதும்போது பேனா உன் திராட்சையில் இடறட்டும். ஆனால் நீ விலை கேட்காத வீடு எனக்கு வேண்டாம். எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டேன், நன்றாக இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ கொடி போடாவிட்டால் பூவேலையே இல்லாத ரவிக்கையோடு நிற்பேன் என்கிறாள் நுஸைபா.

முடிவை நீ எழுது. கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது.

9

டேப்லெட்டை அவள் ஆரி சட்டத்தின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். முன்னறையில் ஒருமுறை சிரிப்புக் கேட்டது போலிருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தமாகவும் இருக்கலாம். பிறகு ஊசி டப்பா திறக்கும் சத்தம். அது மட்டும் நிச்சயம்.

திரும்பி வந்தபோது டேப்லெட் என் நாற்காலியில் இருந்தது. நான் விட்ட இடத்தில், திராட்சைப் புள்ளிகளில் இடறி இடறி, அவள் கையெழுத்து:

சர்புன்னிசாக்காவ நாளைக்கு அளவு ரவிக்கையோட வரச் சொல்றேன். ஒங்கள அப்புறம் வச்சுக்கிறேன். அந்தப் பிலிமு எம்புட்டு?

வாசகரே, இப்போது நிஜமாகவே உங்களைத்தான் கூப்பிடுகிறேன். கடையில் கொடுத்த விலையை அப்படியே எழுதிவிடவா? பாதியாக்கி எழுதவா? அவள் வாசலில் நின்று பேகம்பூருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள். எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். "சரிக்கா, வைக்கிறேன்" என்கிறாள்.